‘போட்டு வாறன்’ என்றவரை எங்கே தொலைத்தீர்கள்?

சிறுநகரப் பொலிஸ் துப்பறியும் படத்தொடரின் இயக்குநருக்கும், எழுதிய இருவருக்கும், பணம் போட்டவர்களுக்கும்,

மூன்றாம் பாகத்தை யாழ்ப்பாணத்தில் திரையிட்ட இரண்டாம் நாள், பின்னேரக் காட்சிக்கு வந்திருந்தேன். படத்தின் பெயரையோ உங்கள் பெயர்களையோ இங்கே எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டால் சண்டை ஆட்களைப் பற்றியதாகிவிடும். நான் கதைக்க வந்தது வேலையைப் பற்றி.

முப்பத்தொரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். வடக்கில் நாலு ஊர்கள், நீதிவான் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும். பொலிஸார் சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரும் அறிக்கைகளைத் தமிழாக்குவதும், தமிழில் சொன்ன சாட்சியைச் சிங்களம் மட்டும் தெரிந்தவர்களுக்கு விளங்கப்படுத்துவதும் என் வேலை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் எழுதியது. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று 1988இல் 16ஆம் திருத்தம் எழுதியது. சட்டத்தில் எழுதியது பொலிஸ் நிலைய மேசைக்கு வந்து சேர எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தூரத்துக்குத்தான் எனக்கு முப்பத்தொரு வருடம் சம்பளம் தந்தார்கள்.

உங்கள் முதல் படத்தை நாலு தரம் பார்த்தேன். தோட்டக்காரன் ஒருவனின் மண்ணெண்ணெய் இறைப்பு மெசின் களவு போகிறது. வெங்காயம் காய்கிறது. தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த சார்ஜன்ட்டுக்கு நாற்பது தமிழ்ச் சொல் தெரியும், அதில் பாதி சாப்பாடு. அவருக்குத் துணை ஓய்வுபெற்ற தபால் அதிபர். ஒரு தேத்தண்ணிக்கு மொழிபெயர்க்க வருகிற மனிதர். சனம் சொல்வதெல்லாம் அவருடைய வாய்வழியாகத்தான் சார்ஜன்ட்டுக்குப் போகிறது. நடுவில் ஓர் இடத்தில் தபால் அதிபர் ஒரு சொல்லை விழுங்கிவிடுகிறார். சொன்னால் தன் மச்சானின் மகன் மாட்டுவான். சார்ஜன்ட்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஒருவர் எச்சில் விழுங்குவது தெரியும். அந்தக் காட்சியில் நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். என் உத்தியோகத்தை ஒரு படத்தில் பார்ப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

இரண்டாம் படம் இன்னும் மேல். கிணற்றில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். கடைசியாக அவரோடு நின்ற தம்பிக்காரன் படலையில் நின்று தாயிடம் சொன்ன சொல், ‘போட்டு வாறன் அம்மா.’ போய்விட்டு வருகிறேன் என்று எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளை முதல் பாடை ஏறப்போகிற கிழவன் வரை சொல்கிற சொல். சார்ஜன்ட்டுக்கு அந்தக் கிழமை உதவிக்கு வந்தவன் தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்துத் தமிழ் பழகிய ஒரு கான்ஸ்டபிள். அவனுக்குத் தெரிந்த ‘போடுவது’ ஒன்றே ஒன்று, ஆளைப் போடுவது. ‘போட்டுவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிப் புறப்பட்டவன் கொலைகாரனாகாமல் வேறென்ன ஆவான்? படத்தின் முக்கால்வாசி அந்த ஒரு சொல்லில் தொங்கியது. தபால் அதிபர் காய்ச்சலால் எழும்பி வந்து சார்ஜன்ட்டிடம், ‘ஐயா, நானும் தினமும் உங்களிட்டை போட்டு வாறன் எண்டுதானே சொல்லிப்போட்டுப் போறனான், இண்டைவரை ஆரைப் போட்டனான்?’ என்று கேட்டபோது அரங்கம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தபிறகு சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். நான் ஓய்வுபெற்றபிறகு நடந்த கதை. எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டு அப்புவின் சைக்கிள் கோயிலடியில் களவுபோனது. முறைப்பாடு செய்யத் தனியே போகப் பயந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எழுதிய கான்ஸ்டபிளுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். மீசை சரியாக முளைக்கவில்லை. மரியாதையான பிள்ளை, அப்புவுக்குக் கதிரை இழுத்துப் போட்டான். தமிழில் கேட்டான், சிங்களத்தில் எழுதினான். அப்பு சொன்னது இவ்வளவுதான்: ‘சைக்கிளை மதிலோடை விட்டுப்போட்டுக் கும்பிடப் போனனான். வந்து பாத்தா இல்லை.’ பல்லில்லாத வாய். எழுதி முடிந்ததும் பேனையை அப்புவின் கையில் கொடுத்துக் கையெழுத்துக்கு இடத்தைக் காட்டினான். பழக்கதோசத்தில் நான் தாளை என் பக்கம் திருப்பி வாசித்தேன். ‘விகுணலா’ என்று இருந்தது. சைக்கிளை விற்றுவிட்டுக் கும்பிடப் போனாராம்.

விட்டுப்போட்டு, வித்துப்போட்டு. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அப்பு கையெழுத்து வைத்திருந்தால், விற்ற சைக்கிளைக் களவுபோனதாகச் சொன்ன ஆள் என்று நாளைக்கு அவர்மேலேயே ஒரு வழக்குத் திரும்பியிருக்கலாம். வாக்குமூலத்தை எழுதியபிறகு, சொன்னவருக்கு வாசித்துக் காட்டவேண்டும், எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்லவேண்டும், அவர் விளக்கவோ சேர்க்கவோ விரும்பினால் இடம் கொடுக்கவேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அப்படித்தான் சொல்கிறது. நான் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. வெட்டித் திருத்திச் சிற்றொப்பம் வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, இன்னொருதரம் சொல்லுங்கள் அம்மா என்றான். விட்டு, வித்து, விட்டு, வித்து என்று மூன்றுதரம் சொல்லிப் பழகினான். அவன் கெட்டவன் இல்லை. வீட்டிலிருந்து நானூறு கிலோமீற்றர் தள்ளி, அரைகுறையாகப் படிப்பித்த ஒரு மொழியில், நாளுக்கு முப்பது பேரின் கவலையை எழுதுகிறவன்.

சைக்கிள் இன்றுவரை கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் துப்பறிதல் என்றால் அந்த மேசையில் நடந்ததுதான், தம்பிமார். யார் சொன்னது, யார் எழுதியது, எந்த மொழியில், கையெழுத்து வைத்தவருக்கு அது விளங்கியதா. உங்கள் முதல் இரண்டு படமும் இதைத் தெரிந்து எடுத்த படங்கள். அதனால்தான் மூன்றாவதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்கமுடியவில்லை.

மூன்றாம் படத்தின் முதற்காட்சியிலேயே சார்ஜன்ட் சப் இன்ஸ்பெக்டராகிவிட்டார். சரி, பதவி உயர்வு கிடைக்கும்தானே. பதவியோடு தமிழும் கிடைத்துவிட்டது. எங்கள் தமிழ்கூட இல்லை, சென்னைத் தமிழ். அதை அவர் எங்கே பழகினார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. தபால் அதிபர்? ‘அவர் கனடாவுக்குப் போயிட்டாரு.’ இரண்டு படத்தைத் தோளில் சுமந்த மனிதருக்கு மூன்று சொல். பொலிஸ் நிலையத்துக்கு வருகிற கிழவி ‘புகார் குடுக்க வந்திருக்கேங்க’ என்கிறா. நாங்கள் முறைப்பாடு செய்கிறவர்கள். நாயகன் ‘எஃப்ஐஆர் போடு’ என்று கத்துகிறார். ‘ஏட்டையா’ என்று யாரையோ கூப்பிடுகிறார். தமிழ்நாட்டில் அது வாஞ்சையான சொல்தான், இங்கே அப்படி ஓர் ஐயா இல்லை. ‘கமிஷனர் ஆபீஸ்ல இருந்து போன்’ என்று ஒரு வசனம் வந்தபோது எனக்குப் பக்கத்துக் கதிரைப் பெடியன், யாழ்ப்பாணத்தில் எங்கேயடா கமிஷனர் என்று சத்தமாகக் கேட்டான். மாநகரசபை ஆணையாளரைச் சொல்லுறாங்களாக்கும், குப்பை எடுக்கேல்லை எண்டு எடுத்திருப்பார் என்று அடுத்தவன் பதில் சொன்னான். படம் முழுவதிலும் அரங்கம் மனம்விட்டுச் சிரித்த இடம் அதுதான்.

படலையை விட்டு இறங்குகிற பிள்ளை இந்தப் படத்தில் ‘போயிட்டு வரேம்மா’ என்கிறான். உங்கள் இரண்டாம் படத்தின் கதையையே உங்கள் மூன்றாம் படம் நடக்கமுடியாததாக்கிவிட்டது.

இராமநாதபுரத்தில் படம்பிடித்ததைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. செலவு, அனுமதி, ஆயிரம் இருக்கும். அங்கேயும் பனை நிற்கிறது, பனை பனைதான். கிடுகுவேலி இருக்கவேண்டிய இடத்தில் சீமைக்கருவேல முள் நிற்பதைக்கூட மன்னித்துவிட்டேன். ஸ்காபரோவில் தங்கை வீட்டில் ஒரு பனிக்காலம் இருந்தபோது, வெளியே போகவழியில்லாமல் அவளோடு இருந்து ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தொடரைப் பார்த்தேன். ராபர்ட் பி. பார்க்கர் எழுதிய நாவல்களின் பாத்திரம், ஜெஸ்ஸி ஸ்டோன் என்று ஒரு சிறுநகரப் பொலிஸ் தலைவர். டொம் செலக் நடித்தது. 2005 முதல் 2015 வரை ஒன்பது படம். கதை மசாசூசெற்ஸ் கடற்கரையில், படம்பிடித்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில். ‘இது எங்கடை கனடா’ என்று தங்கைக்கு ஒரே பெருமை. ஒருவருக்கும் குறை தெரியவில்லை. ஏனென்றால் அந்த மனிதரின் நடை, அவர் கதைக்காமல் இருக்கும் நேரம், அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் நாய், ஒருவரை ஒருவர் தெரிந்த ஊர்ச்சனத்தின் கதை, எல்லாம் ஒரு சிறிய ஊரின் அளவிலேயே இருந்தன. முதல் எட்டையும் சிபிஎஸ் ஒளிபரப்பியது. ஒன்பதாவது வேறு அலைவரிசையில் வந்தது, அதில் அவர் பொஸ்டனுக்குப் போய் அங்கத்தைய ஒரு பழைய கொலைவழக்கைப் பார்க்கிறார். அந்த ஒன்பதாவதில் எனக்கு நித்திரை வந்துவிட்டது. பட்டணத்தில் துப்பறிய ஆயிரம் பேர் இருக்கிறார்களே, இவர் எதற்கு?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் நாலாம் பாகத்தில் கதாநாயகன் கொழும்புக்கு மாற்றலாகிறார் என்று அறிவித்திருக்கிறீர்கள்.

மொழிக்கு நீங்கள் சொன்ன காரணமும் காதுக்கு வந்தது. எங்கள் தமிழ் தமிழ்நாட்டுக்காரருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்காதாம், விற்காதாம். எங்கள் மண்ணில் எடுத்த ‘குத்துவிளக்கு’ படம் 1972இல் வந்தது. ‘பொன்மணி’ 1977, ‘வாடைக்காற்று’ 1978. ‘பொன்மணி’யை எடுத்தவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர். வேற்றுமொழிக்காரர் ஒருவர் இங்கே வந்து எங்கள் மண்ணில் தமிழ்ப்படம் எடுக்கத் துணிந்தார். இங்கே பிறந்து, இங்கே தேர் இழுத்து, இங்கே ரியூசனுக்குப் போன நீங்கள் எங்கள் பேச்சைக் கேட்டுக் கூச்சப்படுகிறீர்கள். விளங்காத இடத்துக்குக் கீழே எழுத்துப் போடலாம். கொரியப் படத்தை எங்கள் பிள்ளைகள் அப்படித்தானே பார்க்கிறார்கள்.

மொழியோடு நின்றிருந்தால் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். எழுத வைத்தவை இரண்டு காட்சிகள்.

முதலாவது, விசாரணை அறை. ஒரு கூலிக்காரப் பெடியனை மேசைக்குக் குறுக்கே படுக்கவைத்துக் குழாயால் அடிக்கிறார் உங்கள் நாயகன். பின்னால் மேளம். மெதுவாக நகரும் கமரா. பெடியன் ஒத்துக்கொள்கிறான். அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கிறது. விசில் பறக்கிறது. எங்கே பறக்கிறது? யாழ்ப்பாணத்தில்.

பொலிஸ்காரனைக் கதாநாயகனாக்குவது இந்த ஊரில் இலேசான காரியமா? 1974 ஜனவரி 10இல், தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில், கூட்டத்துக்குள் பொலிஸார் புகுந்ததில் உயிர்கள் போயின. அதன் நினைவுத் தூண்கள் முற்றவெளிப் பக்கம் இன்னும் நிற்கின்றன. 1981 மே 31 இரவு தொடங்கிய அட்டூழியத்தில் நூலகம் எரிந்தது, தொண்ணூற்றேழாயிரம் வரையான நூல்கள். அந்த நாட்களில் வெளியிடங்களிலிருந்து கொண்டுவந்த பொலிஸார் ஊர் நிறைய நின்றார்கள். அந்தச் சாம்பல் மணத்தை மூக்கில் வைத்திருக்கும் தலைமுறை நான். அப்படிப்பட்ட எங்களையே ஒரு பொலிஸ் சார்ஜன்ட்டை விரும்ப வைத்தீர்கள், இரண்டு படத்தில். எப்படி வைத்தீர்கள்? அவர் அடிக்கவில்லை. விளங்காததை விளங்காது என்று சொன்னார். இன்னொருதரம் கேட்டார். கேட்கிற பொலிஸ்காரன் என்பதே எங்களுக்குப் புதிசு. அதை நீங்களே கண்டுபிடித்தீர்கள், நீங்களே தூக்கி எறிந்துவிட்டீர்கள்.

சட்டத்தையாவது பார்த்திருக்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கமுடியாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. அடித்தால் எதையும் சொல்ல வைக்கலாம் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஆக, உங்கள் படத்தின் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால் அன்றைக்கே விழும், எங்கள் பக்கத்து இளம் சட்டத்தரணி ஒருத்தியே போதும். அந்தப் பிரிவுக்கு இந்த நாட்டில் பெரிய விலக்கு ஒன்று உண்டு. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ எடுத்த ஒப்புதல் சான்றாகும். அந்த விலக்கு எங்கள் பிள்ளைகளை என்ன செய்தது என்பதை நான் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஒருவர் தன்னுடைய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: ‘கையெழுத்து என்ரைதான் அம்மா. கதை என்ரை இல்லை.’ ஒன்பது பக்கம், முழுக்கச் சிங்களம். அவருக்கு அதில் வாசிக்கத் தெரிந்தது தன் பெயர் மட்டும். அதை நான் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்க்கமுடியாது, ஏனென்றால் அவர் சாட்சிக்கூட்டில் நின்று சொல்லவில்லை, என் காதில் சொன்னார். இவ்வளவு காலமும் வைத்திருந்தேன். உங்கள் மேளச் சத்தம் அதை வெளியே கொண்டுவந்துவிட்டது.

இரண்டாவது, எலும்புக்கூடு.

கடற்கரை விடுதி ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டுகிற இடத்தில் மண்வெட்டும் இயந்திரத்தின் வாளியில் மண்டையோடு வருகிறது. உங்கள் நாயகன் குழிக்குள் குதிக்கிறார். கையால் மண்ணைத் தள்ளுகிறார். விரல் எலும்பிலிருந்து மோதிரத்தைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போடுகிறார்! பத்து நிமிடத்தில் யாருடைய எலும்பு என்று தெரிந்துவிடுகிறது. காணிச் சண்டையில் அண்ணன் தம்பியைக் கொன்றிருக்கிறான். இடைவேளை.

இங்கே மண்ணுக்குள் எலும்பு தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நீதிவான் வருவார். சட்ட வைத்திய அதிகாரி வருவார். சோகோ என்கிற குற்றக்களப் பொலிஸார் படம் எடுப்பார்கள். தொல்லியல் தெரிந்தவர்கள் தூரிகையால் மண்ணை நீக்குவார்கள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடுவார்கள். மழை வந்தால் மூடுவார்கள். காசு வரவில்லை என்றால் நிற்கும். திகதி போடுவார்கள். அதுக்குப் பிறகும் பெயர் கிடைக்காது. செம்மணிப் புதைகுழிகளைப் பற்றி நாடு அறிந்ததே, 1998இல் கொழும்பில் மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் வாய் திறந்ததால்தான். அடுத்த வருடம் தோண்டி 15 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். பிறகு எவ்வளவு காலம் அந்த வீதியால் பேசாமல் போய் வந்தோம். 2025 பெப்ரவரியில் அதே பக்கம், சித்துப்பாத்தி மயானத்தில், தகனமேடைக்கு நிலம் வெட்டும்போது மறுபடியும் எலும்பு வந்தது. அந்த வருடத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையதும். ஒரு பள்ளிக்கூடப் பை. ஒரு பொம்மை. ஓகஸ்ட் மாதம் அங்கே எடுத்த பொருட்களைச் சனம் வந்து அடையாளம் காணட்டும் என்று பார்வைக்கு வைத்தார்கள்.

அந்தச் செய்திப் படங்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். குழியின் அளவு, மஞ்சள் நாடா, பைக்குள் இருந்து எடுத்த பொம்மை, எல்லாம் உங்கள் காட்சியில் அப்படியே இருக்கிறது. எடுத்துக்கொண்டீர்கள். நாடாவுக்கு வெளியே வெயிலுக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாரை மட்டும் எடுக்கவில்லை. அவர்கள் நின்றால் இடைவேளைக்கு முன் கதை முடியாது.

எனக்கு முன்வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள், என் வயது. மோதிரத்தைக் கழற்றியபோது அவர் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே போனார். இடைவேளைக்குப் பிறகும் வரவில்லை. யாரென்று எனக்குத் தெரியாது. அந்தக் கதிரைகள் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் மிச்சப் படத்தைப் பார்த்தேன்.

பேய்ப்படத்துக்கும் கொலைப்படத்துக்கும் நான் எதிரி இல்லை. எலும்புக்கூட்டை ஒரு துப்பறியும் படம் தொடவே கூடாது என்றும் சொல்லவில்லை. உங்கள் பழைய சார்ஜன்ட்டும் தபால் அதிபரும் அந்தக் குழிக்கரையில் நின்றிருந்தால் என்ன படம் வந்திருக்கும்! வந்து நிற்கிற ஒவ்வொரு தாயின் வாக்குமூலத்தையும் தபால் அதிபர் சிங்களத்துக்கு மாற்றவேண்டும். சிங்களத்தில் ‘நத்திவெலா’ என்று ஒரு சொல் இருக்கிறது, காணாமல் போய்விட்டது என்று. ஆனால் அந்தத் தாய் ‘காணாமல் போகேல்லை, கொண்டுபோனவங்கள்’ என்கிறா. சார்ஜன்ட்டின் படிவத்தில் முதற்சொல்லுக்குத்தான் பெட்டி இருக்கிறது. அந்தக் காட்சியை எழுத உங்களால் முடியும். இரண்டாம் படத்தை எழுதியவர்கள்தானே நீங்கள்.

சரி, கேட்கவேண்டியதைக் கேட்கிறேன்.

மூன்றாம் பாகம் அடுத்து இணையத்தளத்தில் வரப்போகிறது. அதற்கு முன் எலும்புக்கூட்டுக் காட்சியிலிருந்து அந்தப் பொம்மையையும் மோதிரம் கழற்றுவதையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்த்து ஒன்றரை நிமிடம் வராது, கதை அதனால் விழாது, நான் எண்ணிப் பார்த்தேன். விசாரணை அறையில் ஓடுகிற மேளத்தையாவது நிறுத்துங்கள். அடிச்சத்தம் மட்டும் கேட்கட்டும், பிறகு யார் விசில் அடிக்கிறார் என்று பார்ப்போம். பொலிஸ் நிலைய வசனங்களை இங்கத்தைய நடிகர்களை வைத்து மறுபடி குரல்பதிவு செய்யுங்கள். முழுப்படமும் முடியாது என்றால் கிழவியின் வசனத்தையும் படலை வசனத்தையும் மட்டுமாவது மாற்றுங்கள்.

நாலாம் பாகத்துக்கு: கொழும்பு மாற்றலை இரத்துச் செய்யுங்கள். தபால் அதிபரைக் கனடாவிலிருந்து திருப்பிக் கூப்பிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் எங்கள் ஆட்கள் அந்தக் குளிரில் தாக்குப்பிடிப்பது கஷ்டம், ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள். சப் இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியவேண்டும் என்றால், அவர் அதைப் பழகுகிற பாட்டைக் காட்டுங்கள், விட்டு, வித்து என்று.

திரைக்கதையை எழுதியபின், படப்பிடிப்புக்கு முன், வாசிக்கத் தாருங்கள். நானும் என்னோடு வேலைசெய்து ஓய்வுபெற்ற இன்னும் இருவரும் இருக்கிறோம், ஒருவர் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைகளை இருபது வருடம் தட்டச்சுச் செய்தவர். காசு வேண்டாம். பெயரும் போடவேண்டாம். கதையை மாற்றச் சொல்லமாட்டோம், சொல்லையும் நடைமுறையையும் மட்டும் பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. இரண்டாம் நாள் பின்னேரக் காட்சியில் எழும்பிப் போன அந்த இருவரைப் போல எத்தனை பேர் என்று நீங்கள் நேரில் கேட்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு சனிக்கிழமை மண்டபம் பிடித்து, படத்தைப் போடாமல், கதிரைகளை மட்டும் போட்டு இருந்து சனம் சொல்வதைக் கேளுங்கள். சொல்வதை ஒருவர் எழுதட்டும். எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன்.

இந்த மடலுக்குப் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன், இணைய வெளியீட்டுக்கு முன்னதாக.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்
கொக்குவில்